மருமவனுக்குச் சீசன் பொறந்துட்டு

வா மருமவனே, வா. குத்தாலத்துல சாரல் விழுந்தா நீயும் வந்து விழுந்திருவியே! பிரானூர் பார்டர்ல பரோட்டா, சால்னா, பெப்பர் சிக்கன். வர்ற வழியில ஒரு பை மங்குஸ்தான். சுகர் வந்து வருசக்கணக்காச்சு, இப்போ இதயச் செயலிழப்புன்னு டாக்டர் எழுதுன சீட்டும் சட்டைப்பையில கெடக்கு. ரெண்டையும் தூக்கிக்கிட்டு மெயின் அருவியில தலையைக் குடுக்கப் போறியாம்லா. பச்சைத்தண்ணி சடார்னு விழுந்தா ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், ஏற்கெனவே தளந்த நெஞ்சு கூடுதலா இழுக்கணும். இழுக்கட்டும், உனக்கென்ன?

"நெஞ்சே வலிக்கலியே மாமா"ங்குத. எப்படிலே வலிக்கும்? பல வருசச் சர்க்கரை நரம்பை மழுக்கிட்டுன்னா உள்ள என்ன நடந்தாலும் சேதி வராது. ஆனா மாடியேறுனா மூச்சு வாங்குது, ராத்திரி மூணு தலவாணி அடுக்குனாத்தான் உறக்கம். கேட்டா வயசாயிட்டுங்குத. வயசு எனக்குல்லா ஆயிருக்கு! காலை நீட்டு பாப்போம். கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வச்சு அமுக்குனா குழி அப்படியே நிக்கி. ஐந்தருவிக்கு எதுக்குப் போற? தண்ணி உன் கால்லயே தேங்கிக் கெடக்கே.

அமெரிக்காவுல ஃப்ராமிங்காம்னு ஒரு ஊரு. ஊர்க்காரவுகளை வருசக்கணக்கா கவனிச்சு 1974லயே எழுதிட்டாவ: சர்க்கரை இருந்தா இந்தச் செயலிழப்பு ஆம்பளைக்கு ரெண்டு மடங்குக்கு மேல வரும், பொம்பளைக்கு அஞ்சு மடங்கு. அவ்வளவு தூரம் எதுக்கு, ஆரியங்காவு தாண்டி மலை இறங்குனா திருவனந்தபுரம். அங்க 2013ல செயலிழப்போட ஆசுபத்திரியில சேந்த 1,205 பேரைக் கணக்கெடுத்தாவ; பாதிக்கு மேல சர்க்கரைக்காரவுக. ரெண்டும் கூடுனவன் மத்தவனைவிட அடிக்கடி ஆசுபத்திரி ஏறுதான், சீக்கிரமாவும் போய்ச் சேருதான்.

மருந்து இல்லாமலா? டாபாகிளிஃப்ளோசின்னு ஒண்ணு, சர்க்கரையை ஒண்ணுக்கு வழியா இறக்கும். 2019ல பாத்தா, சுகரே இல்லாத செயலிழப்புக்காரனுக்கும் அது பலன் குடுத்திருக்கு. நீயோ ராத்திரி எந்திரிக்க வேண்டியிருக்குன்னு டாக்டரைக் கேக்காமலே நிறுத்திட்ட! பக்கத்து வீட்டுக்காரன் குடுத்தான்னு பயோகிளிட்டசோன் முழுங்குத. அது உடம்புல நீரைத் தேக்குத மாத்திரை. நெஞ்சு தளந்தவனுக்கு ஆகவே ஆகாது. நல்ல சினேகிதன்தான் போ.

தெனமும் காலையில ஒண்ணுக்குப் போயிட்டு வந்து எடை பாரு. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுனா அது தின்ன கறி இல்ல, நீரு. அன்னைக்கே டாக்டர்கிட்டப் போ. எடை மெஷின் வாங்கக் காசில்லைன்னு மட்டும் சொல்லிராத. நேத்து பார்டர்ல நீ குடுத்த பில்லை உங்க அத்தை பாத்துட்டா.