மட்கார்டு ஆசனவியல்: தளி வட்டாரச் சிறு டிராக்டர்களில் பிள்ளை இருக்கை பற்றி ஓர் ஆய்வு

தளி ஒன்றியத்தில் சிறு டிராக்டரும் மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால், அந்த டிராக்டரின் இடது மட்கார்டு என்றைக்காவது வெல்டிங் பட்டறை வாசலில் நின்றே தீரும். இவ்வளவு உறுதியான ஒரு சமூக விதியை ஆய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்புக்குரியது. சிந்துவெளியில் கிடைத்த சுடுமண் பொம்மை வண்டிகளைப் பற்றி அலமாரி கொள்ளாத அளவு எழுதிவிட்டார்கள். சதுர பைப்பில் பற்றவைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்த மட்கார்டு நாற்காலிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. அக்குறையைப் போக்க முனையும் இக்கட்டுரை தன் முடிபை ஒளித்து வைக்க விரும்பவில்லை: அந்த இருக்கை பிள்ளைக்காகச் செய்யப்படுவதே இல்லை. அது பெரியவர்களுக்குள் நடக்கும் ஒரு வழக்கின் சமரசப் பத்திரம். பத்திரம் காகிதத்தில் எழுதப்படாமல் இரும்பில் எழுதப்பட்டிருப்பதால், பலரும் அதை இருக்கை என்று நம்பிவிட்டார்கள்.

முதலில் களம். வெள்ளைக்காரர்கள் குளிருக்காகக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கொஞ்சிய ஊர் தளி. கேழ்வரகும் அவரையும் விளைந்த நிலத்தில் இன்று முட்டைக்கோஸ், குடைமிளகாய், பாலித்தீன் கூடாரத்துக்குள் ரோஜா. பாத்திகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழையாது. பதினெட்டு, இருபது குதிரைத்திறன் கொண்ட குட்டி டிராக்டர்தான் நுழையும். அந்த வகை டிராக்டர் செய்யும் வி.எஸ்.டி. தொழிற்சாலை பக்கத்து ஓசூரிலேயே இருக்கிறது. ஒருவர் மட்டுமே போகக்கூடிய மொபெட்டை ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று ஒதுக்கி, இருவர் அமரும் முதல் இந்திய மொபெட்டான டி.வி.எஸ். 50-ஐ 1980-இல் உலகுக்குத் தந்ததும் அதே ஓசூர்தான். தந்த கையோடு மக்கள் அதன் முன்புறத்தில் மூன்றாவதாக ஒரு பிள்ளையை நிற்கவைத்துக் கொண்டார்கள் என்பது வேறு கதை. ஆக, தயாரிப்பாளர் விட்டுவிட்ட இடத்தில் ஓர் ஆளை ஏற்றுவது இந்த மண்ணின் தொழில் மரபு. சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்து வந்தவர் மாலையில் சொந்தப் பட்டறை திறந்து வைத்திருக்கும் ஊரில், கைவேலைக்கும் பஞ்சமில்லை.

அந்த வேலைப்பாட்டைச் சற்றே கிட்டத்தில் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு ஓர் அங்குலச் சதுர பைப். மெத்தைக்குப் பழைய மொபெட் சீட்டிலிருந்து அறுத்த ஸ்பாஞ்சு. அதன்மேல் இழுத்துத் தைத்த கறுப்பு ரெக்ஸின். பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு குறுக்குக் கம்பி, அதற்கு இரு முனையிலும் சைக்கிள் ஹேண்டில் கிரிப். கற்றுக்குட்டி வெல்டர் இதை மட்கார்டுத் தகட்டிலேயே நட்டு போட்டு முறுக்கிவிடுவார். தகடு மெல்லியது, நாலு உழவில் போல்ட் ஓட்டை கிழிந்து நாற்காலி ஆடத் தொடங்கும். விவரம் தெரிந்தவர் மட்கார்டை நம்பமாட்டார். ஒரு காலைக் கீழே இறக்கி ஆக்சில் ஹவுசிங்கில் யூ-போல்ட் போட்டுப் பிடிப்பார். இரண்டாவது வகையைப் பார்த்தால் எந்த இன்ஜினியரும் தலையசைப்பார். பிள்ளையோ அதில் வரப்பு முனைவரை உட்கார்ந்திருக்கும். திரும்பும்போது எழுந்து நின்றுவிடும்.

இந்த எழுந்து நிற்றலே நம் ஆய்வின் தலையாய சான்று. பிள்ளை டிராக்டரில் கேட்பது உட்கார இடமல்ல, ஸ்டீயரிங். அது முடியாவிட்டால் ஹாரன், அதுவும் இல்லாவிட்டால் சாவியைத் திருப்பும் உரிமை. ஸ்பாஞ்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இவற்றில் எதையும் தருவதில்லை. அப்படியானால் இருக்கை யாருக்கு எதைத் தருகிறது? அப்பாவுக்கு, ‘சும்மா ஏற்றவில்லை, ஏற்பாடு செய்துதான் ஏற்றுகிறேன்’ என்று சொல்லும் வாய்ப்பைத் தருகிறது. அம்மாவுக்கு, ‘கம்பி இருக்கிறதே’ என்ற ஆறுதலைத் தருகிறது. திண்ணையிலிருந்து கூச்சல் போடும் பாட்டியான அவ்வாவின் வாயை ஒரு வாரத்துக்கு அடைக்கிறது. பட்டறைக்காரருக்குக் கூலி. மும்மொழி வழங்கும் எல்லைப்புறத்தில் பிள்ளை தெலுங்கில் அழ, அவ்வா கன்னடத்தில் திட்ட, பில் மட்டும் தமிழில் வருகிறது. நால்வரும் திருப்தியடைந்த இந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத தரப்பு ஒன்றுதான். அதன் பெயரில்தான் நாற்காலியே இருக்கிறது.

சமரசப் பத்திரம் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வி எழும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களோடு ஆர்.சி. புத்தகம் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நம் சிறு டிராக்டரின் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை ஒன்று. பைப் நாற்காலி பற்றவைத்த கணத்தில் அது இரண்டாகிறது. அதாவது வெல்டிங் தீப்பொறியே குற்றத்தின் முதல் சாட்சி. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இடம், அதில் பயணியாக வந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. 2022-இல் வந்த விதித் திருத்தம் இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், நாற்பது கிலோமீட்டர் வேக வரம்பும் விதித்தது. டிராக்டருக்கு அப்படி ஒரு விதி இல்லை. அனுமதி இருப்பதால் அல்ல. அங்கே ஒரு பிள்ளை இருக்கும் என்று சட்டம் கற்பனையே செய்யவில்லை.

சட்டத்தை மதிக்காதவரும் பூமியின் ஈர்ப்பை மதித்தாக வேண்டும். பதினைந்து கிலோ பிள்ளையால் டிராக்டர் கவிழ்ந்துவிடாது. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது நேர்மையான ஆய்வாகாது. சங்கடம் விழும் திசையில் இருக்கிறது. மட்கார்டிலிருந்து முன்பக்கம் சாய்ந்தால் விழும் இடம் பின்சக்கரத்தின் முன்னால். பின்பக்கம் சாய்ந்தால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர். அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. ஒரு சட்டை முனை சிக்கினால் ‘நிறுத்து’ என்று வாய் திறப்பதற்குள் எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘அதற்குத்தான் பெல்ட் போடுகிறோம்’ என்பார்கள். இங்கேதான் ஆசனவியலின் இருதலைக்கொள்ளி. கவிழ்ந்தால் ஆளை நசுங்கவிடாமல் தாங்கும் இரும்புச் சட்டகம் உள்ள டிராக்டரில் பெல்ட் உயிர் காக்கும். ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு அந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்க் குட்டி டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சட்டகம் கிடையாது. அதில் பெல்ட் போட்டால் கவிழும்போது வண்டிக்கு அடியில் பிள்ளையைக் கட்டிப்போட்டதாகும். போடாவிட்டால் வரப்பு ஏறும்போது தூக்கிப் போடும். பெல்ட் இல்லாத மட்கார்டில் அப்பாவின் இடது கை பெல்ட்டாகிறது. ஸ்டீயரிங்குக்கு மிஞ்சுவது வலது கை மட்டும். ஹைட்ராலிக் லீவரைத் தூக்கவும் அதே கைதான் வேண்டும். இன்னொன்று: நாற்காலி இல்லாத காலத்தில் ரொட்டவேட்டர் மாட்டும்போது பிள்ளையை இறக்கிவிடுவார்கள். நாற்காலி வந்தபின் இறக்குவதில்லை. வாய்ப்பாக இருந்தது வழக்கமாகிவிடுகிறது. நன்றாகச் செய்த நாற்காலியின் ஆபத்து மோசமாகச் செய்ததைவிட அதிகம் என்று நாம் துணிவது இதனால்தான்.

மறுப்புகள் பல உண்டு. ‘நாங்களெல்லாம் மாட்டு வண்டியில் தொங்கிக்கொண்டு வளர்ந்தவர்கள்’ என்பது முதலாவது. மாடு விழுந்த பிள்ளையைப் பார்த்தால் நின்றுவிடும். கிளட்ச் மிதிக்கும்வரை டிராக்டர் நிற்காது. தவிர, இந்த வாதத்தைச் சொல்ல உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே சொல்கிறார்கள் என்பதைப் புள்ளியியல் கவனத்தில் கொள்ள வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டு உதாரணம். ஜெர்மனியின் பழைய டிராக்டர்களில் மட்கார்டு மேலேயே கைப்பிடியோடு இருக்கை வந்தது உண்மைதான். ஆனால் பிரிட்டன் 1998-இன் விதிகளால் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களைப் பண்ணை டிராக்டரில் ஏற்றுவதையே தடுத்துவிட்டது. குட்டி இங்கிலாந்தில் வாழ்பவர்கள் பெரிய இங்கிலாந்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

மூன்றாவது மறுப்பைக் கேலியால் தள்ளிவிட முடியாது: வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அம்மா கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு ஷிப்ட் போயிருக்கிறாள். அங்கன்வாடி மதியத்தோடு சரி. அவ்வா ரோஜா பறிக்கும் கூலிக்குப் போயிருக்கிறாள். அப்பாவுக்கு டிராக்டரைத் தவிர வேறு மடி இல்லை. இதற்கு விடை வெல்டிங் பட்டறையில் கிடைக்காது. மாலைவரை திறந்திருக்கும் ஒரு பிள்ளைக் காப்பகத்தில்தான் கிடைக்கும். அது வரும்வரை, வரப்போரப் புங்கமரத்தில் பழைய சேலையில் கட்டும் தூளி இருக்கிறது. பெரிய பிள்ளை தூளியில் நிற்காது என்பார்கள். நிற்காத பிள்ளை மட்கார்டிலும் நிற்காது என்பதை மேலே கண்டோம். யானை பயம் என்றும் சொல்வார்கள். ஜவளகிரிக் காட்டு யானைகள் கேழ்வரகுக்கு வருவது பெரும்பாலும் இரவு ஷிப்டில்.

எனவே நாம் முன்வைக்கும் மாற்றுத் திட்டம் பிள்ளையின் உண்மையான கோரிக்கையிலிருந்து தொடங்குகிறது. அதே சதுர பைப், அதே ஸ்பாஞ்சு, அதே சிவப்புப் பெயின்ட். ஆனால் நாற்காலி மட்கார்டில் ஏறாது. திண்ணை ஓரத்தில் தரையில் புதைத்து நிற்கும். முன்னால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு ஸ்டீயரிங், சுழலும்படி ஒரு பேரிங்கில். பட்டறைக்காரருக்குக் கூலி குறையாது, ஆகவே அந்தத் தரப்பு எதிர்க்காது. அப்பாவுக்கு இரண்டு கையும் திரும்பக் கிடைக்கும். பிள்ளைக்குக் கடைசியாக ஒரு கோரிக்கை மிஞ்சும்: ஹாரன். பழைய பேட்டரி ஒன்றும் ஒரு வயரும் இழுத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. அவ்வா தன் ஆட்சேபணையைப் புதுப்பிப்பது அதற்குப் பிறகுதான்.