மொட்டைமாடித் தொலைநோக்கியின் பிணியும் மருந்தும்: பல்லியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

தொலைநோக்கி வழியே எதையெதைப் பார்க்கலாம் என்று சொல்லும் நூல்கள் பல. தொலைநோக்கியையே உற்றுப் பார்த்த நூல் தமிழில் அரிது. இப்பெருங்குறையைக் களையவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஐப்பசி முழுக்க மேகம் மூடியிருந்தது துணைக்காரணம்.

எல்லையும் கருதுகோளும்

150 மி.மீ. கண்ணாடியுடைய நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒன்று, அது நிற்கும் சென்னை மொட்டைமாடி, அம்மாடியில் கோடையில் காயும் கூழ்வடகம் ஆகியவையே ஆய்வுக்களம். மாடிப்படிக்குக் கீழுள்ளவை எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே வீட்டுக்காரர் இருக்கிறார்.

கருதுகோள்: தொலைநோக்கியின் பழுது எனப்படுவதில் பெரும்பகுதி தொலைநோக்கியில் இல்லை. இது ஈற்றில் நிறுவப்படும். முடிவுரையை முதலில் எழுதிவிட்டதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை.

முன்னாய்வுகள்

தன் கருவியின் மேல் முதலில் சந்தேகப்பட்டவர்களுள் கலிலியோ தலையாயவர். 1610-இல் சனியின் இருபுறமும் இரண்டு துணைகளைக் கண்டவர், 1612-இல் பார்த்தபோது அவற்றைக் காணவில்லை. வில்லைகள் தம்மை ஏமாற்றினவோ என்று கலங்கினார். வில்லைகள் ஒரு பாவமும் அறியாதவை. சனியைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று உண்டென்றும், அது விளிம்பைக் காட்டி நிற்கும்போது மறையும் என்றும் 1659-இல் ஹைகன்ஸ் விளக்கினார். 2025-இலும் வளையம் அவ்வாறே விளிம்பு காட்டி நின்றது. அவ்வாண்டு வளையம் தெரியவில்லை என்று திருகைத் திருகியோர் அனைவரும் கலிலியோ மரபினர் எனலாம்.

தொலைநோக்கி பற்றித் தொல்காப்பியத்தில் குறிப்பில்லை. எல்லார் வீட்டிலும் இருந்த பொருளாதலால் தனியே சொல்லவில்லை என்று நிறுவலாம். பேராசிரியர் பணியிடம் எதுவும் தற்போது காலியில்லாமையால் இவ்வாய்வாளர் அவ்வழியில் இறங்கவில்லை.

இயல் 1: இருட்டு நோய்

மூடியைக் கழற்றுக.

இயல் 2: பெருக்க நோய்

கடையில் வாங்கும் சிறு வில்லைத் தொலைநோக்கியின் பெட்டியின்மேல் 525 மடங்கு என்று அச்சிட்டிருக்கும். உள்ளே நிலாவுக்குப் பதில் சாம்பல் புகை தெரியும். 700 மி.மீ. குவியத் தொலைவை 4 மி.மீ. ஐபீஸால், அதாவது கண் வைக்கும் வில்லையால், வகுத்தால் 175. அதை மூன்று மடங்கு பார்லோ வில்லையால் பெருக்கினால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் முகப்பு வில்லையின் விட்டம் எத்தனை மி.மீட்டரோ அதன் இரு மடங்குதான் தாங்கும் என்பது நடைமுறை விதி. 60 மி.மீ. வில்லைக்கு 120. மிகுதி 405-ம் அட்டைப்பெட்டிக்கே உரியது. 25 மி.மீ. ஐபீஸை மாட்டுக, பார்லோவை அலமாரியில் வைத்துப் பூட்டுக (பால் கணக்கு நோட்டு, பின்னட்டை உள்பக்கம்).

இயல் 3: நடுக்கம்

தொட்டால் ஆடுவது, தொடாமலே காற்றில் ஆடுவது, காற்றும் இல்லாதபோது கீழ்வீட்டில் கிரைண்டர் ஓடுவது என நடுக்கம் மூவகைப்படும்.

1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தோர் இதை நன்கறிந்திருந்தனர். கருவியைத் தாங்கச் சுமார் 10 டன் கருங்கல் தூணை நட்டு, அதில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டும் பொறித்தனர். கருவி போய்விட்டது, தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் அசையாமல் நிற்கிறது. கல்வெட்டுக்கு இடமில்லாத நம் முக்காலிக்குக் கால்களை முழுதும் நீட்டாமல் நிறுத்தி, நடுவில் தண்ணீர் கேன் ஒன்றைத் தொங்கவிடுதலே போதும்.

ஈக்குவடோரியல் தாங்கி வாங்கியோர் துயரம் வேறு. அதன் அச்சைத் துருவ நட்சத்திரம் நோக்கிச் சாய்க்க வேண்டும். அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு பாகை உயரத்தில்தான் அந்த நட்சத்திரம் நிற்கும்: லண்டனில் 51, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. வடதேசத்தாரை மனத்தில் வைத்துச் செய்த தாங்கிகள் பலவற்றை இவ்வளவு தாழ்த்தினால், எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். இடிக்காமல் தாழ்த்தியவர்க்கு, அத்திசையில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி காட்சி தரும். இம்முடிச்சை அறுத்தவர் ஒரு துறவி. சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்திலிருந்த ஜான் டாப்சன், அட்டைக்குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு, மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டுமே திரும்பும் எளிய தாங்கி செய்தார். 1967-இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டபின், நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்திப் போவோர் வருவோர்க்கெல்லாம் நிலாவைக் காட்டினார். கருத்தரங்கு நடத்தவில்லை.

இயல் 4: ஈரப்பிணிகள்

தெளிந்த மார்கழி இரவில் வில்லையானது தன் வெப்பத்தை வானுக்கு இழந்து சுற்றுக்காற்றைவிடக் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. குழாயின் முன்வாயில் அட்டைச் சுருள் ஒன்றைச் செருகி வானத்தின் பார்வையைக் குறைக்க. படிந்துவிட்டால் ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் காட்டுக. வேட்டி நுனியால் துடைப்பது குற்றம்.

ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். முதலில் நூலிழையாகப் பரவி, நாள்பட்டால் வில்லையின் பூச்சையே அரிக்கும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் கொள்கை, தவிட்டையும் வண்டையும் உடன் சேர்ப்பதால் மறுக்கப்படுகிறது. சிலிக்கா ஜெல்லே சிறந்தது. நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் குடித்தாயிற்று என்று பொருள். சூடேற்றினால் மீண்டும் நீலமாகும். அந்நீலம் நஞ்சான கோபால்ட் உப்பால் வருவது, ஆதலால் சூடேற்றத் தாளிக்கும் வாணலி கூடாது (மேற்படி நோட்டு, தைமாதப் பக்கம், தயிர் பட்ட இடத்தில் ஒரு சொல் சிதைந்துள்ளது, அது வசைச்சொல் என ஊகிக்கப்படுகிறது).

இயல் 5: நேர்ப்படுத்தல்

இரு கண்ணாடிகளும் ஒரே அச்சில் நில்லாவிடில் விண்மீனுக்கு வால் முளைக்கும். பிரகாசமான விண்மீன் ஒன்றை நடுவில் நிறுத்திக் குவியத்தைச் சற்றே கலைத்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். வட்டங்கள் ஒருபக்கம் ஒதுங்கினால், குழாயின் அடியிலுள்ள மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொணர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் திருக, ஒருவர் பார்க்க என இருவர் கூடிச் செய்யின், கண்ணாடி நேர்ப்படுமுன் உறவு கோணும்.

பெரியோர்க்கும் இது நேர்ந்ததுண்டு. 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி, விளிம்பில் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்ப்பை வழிநடத்திய சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. தள்ளி அமர்ந்ததே காரணம். வேறு சோதனைகள் பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என ஒதுக்கப்பட்டன. தன் முடிவுக்கு ஒவ்வாத சான்றைத் துல்லியமற்றது என ஒதுக்குவது விண்வெளித் துறைக்கு மட்டும் உரியதன்று. நம் ஆய்வேடுகளிலும் செழித்து வளர்வது. ஹபிளை 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று சீராக்கினர். ஆய்வேடுகளுக்கு அவ்வசதி இல்லை.

இயல் 6: தூசி

நியூட்டன் 1668-இல் செய்த கண்ணாடி, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். மங்க மங்கத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று கண்ணாடியின்மேல் முடியினும் மெல்லிய அலுமினியப் பூச்சு, தேய்த்தால் போய்விடும். கொஞ்சம் தூசியால் காட்சி கெடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் மனம் கெடும். ஆகவே அடிக்காதீர். மீறி அடித்தவர், கண்ணாடியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் தூசி போக ஓடவிட்டு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த நீரில் பஞ்சை நனைத்து, அதன் எடை தவிர வேறெந்த அழுத்தமும் இன்றி ஒருமுறை இழுத்து, அப்பஞ்சை எறிந்துவிட்டுப் புதிய பஞ்சு எடுக்க. இறுதியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சாய்த்து நிறுத்தினால் நீர் தானே வழியும். விளிம்பில் தங்கிய முத்தை மட்டும் டிஷ்யூவின் முனையால் உறிஞ்சுக.

இயல் 7: பல்லி

இவ்வாய்வின் உயிர்நிலை இவ்வியலே. பிற இயல்கள் பக்க எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டவை.

7.1 புகுமுறை: முன்வாயை மூடியவர் நிம்மதியாக உறங்குவர், பல்லி பின்வாயில் புகும். கண்ணாடி விரைவில் குளிரவேண்டிக் குழாயின் அடிப்புறத்தைத் திறந்தே விடுகின்றனர். திருகுகளுக்கிடையே விரல் நுழையும் சந்து உண்டு. மாடி விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு ஆய்வாளர் வருவார்.

7.2 தோற்றம்: கண்ணாடியில் கிடக்கும் பல்லி நிலாவின்மேல் தெரியுமா? தெரியாது. அது குவியத்தில் இல்லை. ஒளியைச் சற்றுக் குறைக்குமே தவிர உருவம் காட்டாது. ஆனால் ஐபீஸின் உட்புறத்தில் எறும்பு ஏறினால், அது குவியத்தளத்தை ஒட்டி இருப்பதால், நிலாக்குழிகளின்மேல் ஊர்வது துலக்கமாகத் தெரியும்.

7.3 அளவை: 150 மி.மீ. கண்ணாடியின் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. பல்லிக்கு 9 சதுர செ.மீ. எனக் கொண்டால் ஒளியிழப்பு 5 விழுக்காடு. 35 மி.மீ. இரண்டாம் கண்ணாடி மறைப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே ஒளியியல் நோக்கில் பல்லி என்பது காசு கொடுக்காமல் கிடைத்த இரண்டாம் கண்ணாடி.

7.4 வால் விவாதம்: இந்த 9-இல் வால் அடங்குமா? அடங்கும் என்போர் வால்சேர் கொள்கையர். அஞ்சினால் பல்லி வாலை உதிர்க்குமாதலால் அது கழற்றத்தக்க உதிரிபாகம், கணக்கில் சேராது என்போர் வால்நீக்கக் கொள்கையர். உதிர்ந்த வாலும் கண்ணாடியின்மேலேயே துடிக்கும் என்பதால் கூட்டுத்தொகை மாறாது என்பது மூன்றாம் தரப்பு (எதிர்வீட்டுப் பாட்டி, கைப்பிடிச்சுவர் உரை, இரண்டாம் பதிப்பு, மூக்குக்கண்ணாடி மாற்றியபின் திருத்தியது, மருமகளின் மறுப்புரை இன்னும் அச்சேறவில்லை, அடுப்படியில் மட்டும் வழங்குகிறது).

7.5 பலன்: பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கங்கள் தலை முதல் கால் வரை உறுப்புவாரியாகச் சொல்கின்றன, தொலைநோக்கியின் உறுப்புகளை மறந்தன. அவ்விடைவெளி இங்கு நிரப்பப்படுகிறது. முதன்மைக் கண்ணாடியில் விழின் மேகம். ஃபைண்டரில் விழின் விருந்தினர் வரவு. ஐபீஸில் விழின் அலறல். எதிரெடையில் விழின் பலன் பல்லிக்கு. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பொன், வெள்ளிப் பல்லிகளைக் கூரையில், அதாவது வானத்தின் திசையில், வைத்திருப்பது தற்செயல் என்று விட்டுவிட ஆய்வுலகம் அனுமதிக்காது (மேற்படி உரை, கரண்ட் போன இரவுப் பதிப்பு, கரண்ட் வந்ததும் ஆசிரியராலேயே திரும்பப் பெறப்பட்டது, எனினும் நம் கருத்துக்கு இசைவதால் ஏற்கப்படுகிறது).

7.6 ஒப்பாய்வு: பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் பட்லர், ராயல் சொசைட்டியாரை எள்ளி ‘நிலவில் யானை’ என்றொரு கவிதை எழுதினார். அறிஞர்கள் நிலவில் யானையைக் கண்டு, அதை அறிக்கையாக வெளியிட முனைகின்றனர். இடையில் எட்டிப்பார்த்த வேலைக்காரப் பையனுக்கு, குழாய்க்குள் ஏதோ இருக்கிறது என்பது புரிந்துவிடுகிறது. உள்ளே இருந்தது எலி. 7.2-இன்படி அந்த எலி ஐபீஸை ஒட்டி இருந்திருந்தாலன்றி யானையாகத் தெரிந்திராது. பட்லரின் ஒளியியல் பிழையுடையது. அறிஞர்கள் பற்றி அவர் சொன்னதில் பிழை காண இயலவில்லை.

7.7 பரிகாரம்: பல்லியின் எச்சம் நாள்பட்டால் பூச்சை அரிக்கும், கண்டவுடன் இயல் 6-இன்படி கழுவுக. ஓட்டல் அறைகளில் தரும் பிளாஸ்டிக் குளியல் தொப்பியைப் பின்வாய்க்கு மாட்டினால் பல்லி புகாது. ஈரம் உலர்ந்தபின் மாட்டுக. இல்லையேல் பல்லி போய்ப் பூஞ்சை வரும்.

முடிவுரை

மூடி, பெருக்கம், தாங்கி, பனி, திருகு, தூசி, பல்லி என ஆராய்ந்ததில், கருவி தானாகக் கெட்டதற்குச் சான்று கிட்டவில்லை. மூடியைக் கழற்றாதவரும், 525-ஐ நம்பியவரும், வேட்டியால் துடைத்தவரும் ஐபீஸின் இந்தப் பக்கத்தில்தான் இருந்தனர். கருதுகோள் நிறுவப்பட்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பாதுவாவில் கலிலியோவுடன் பணியாற்றிய தத்துவப் பேராசிரியர் செசாரே கிரெமோனினி, அக்கண்ணாடிகள் வழியே பார்த்தால் தலை குழம்பும் என்று சொல்லிப் பார்க்கவே மறுத்துவிட்டார். அவருக்குத் திருகு தளரவில்லை, பனி படியவில்லை, பல்லி புகவில்லை. எக்காலத்தும் பழுதாகாத தொலைநோக்கி வேண்டுவோர் அவர் வழியைக் கைக்கொள்ளலாம். முனைவர் பட்டம் இருந்தால் இன்னும் எளிது.