பேய்க்கும் புத்தி வேண்டும்

கேள்வி: பேக்-மேனைப் பார்த்துச் செய்த மலிவு விலை வீடியோ கேம்களை நம்பி வாங்கலாமா?

பதில்: பேக்-மேனைத் துரத்தும் பேய்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்! 1980களில் பிரிட்டனில் மாஸ்டர்ட்ரானிக் நிறுவனம் 1.99 பவுண்டுக்கே கேம் கேசட்டுகளை விற்றது. பையன்களின் கைச்செலவுக் காசே போதும். விலை குறைவது குற்றமில்லை. பேக்-மேன் ஓடும் சுவர்களையும் அது தின்னும் புள்ளிகளையும் யாரும் நகலெடுத்துவிடலாம். ஆனால் 1980-ல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாட்டானி உருவாக்கிய பேக்-மேனில் ஒவ்வொரு பேய்க்கும் தனிக் குணம். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கும். ஆரஞ்சோ துரத்திக்கொண்டே வந்து, நெருங்கியதும் தன் மூலைக்கு ஓடிவிடும். நம்மைப் பார்த்துப் பயப்படும் பேய்! அதற்காகவே எத்தனை காசும் போடலாம். அப்படி ஒரு பேய் மலிவு கேமில் இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள்.