கெஞ்சிக் கேட்ட கேள்விகள்

கல்லூரி மாணவி, குத்துக்கல்வலசை
அனிமே பார்த்தே ஜப்பானிய மொழி பேசப் பழகிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் பழைய ஜப்பானிய மொழி படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் சினிமா வசனம் தெரியும் என்ற தைரியத்தில் யாராவது நைடதத்தைத் திறப்பார்களா? அதைப் பாடிய அதிவீரராம பாண்டியர் உங்கள் தென்காசி மன்னர். அவருக்கே உரை வேண்டியிருக்கிறது. ஜப்பானின் முரசாகி ஷிகிபு அம்மையார் அவருக்கு ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் மூத்தவர். ராஜராஜன் தஞ்சையில் கல் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் 'கெஞ்சி மோனோகதாரி' என்ற பெருங்கதையை எழுதியவர். மொத்தம் 54 அத்தியாயம். (கெஞ்சி என்பது கதாநாயகன் பெயர். பெண்களிடம் நிறையவே கெஞ்சுகிறான், அது வேறு விஷயம்.) ஜப்பான் பிள்ளைகளே பள்ளியில் 'கோபுன்' என்று பழைய மொழியைப் படித்து, நுழைவுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். முதலில் இன்றைய ஜப்பானிய மொழியில் இரண்டு மூன்று வருடம் உழையுங்கள்.

அதே மாணவி
எங்கே சேர்வது? வீட்டில் திருநெல்வேலியைத் தாண்டி விடமாட்டார்கள்.

அப்பாவிடம் நீங்களும் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும். டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், வங்காளத்தில் சாந்திநிகேதன் ஆகிய மூன்று இடத்திலும் ஜப்பானியப் படிப்பு உண்டு. செவ்விலக்கியத்தில் முழுதாக மூழ்க ஜப்பானுக்கே போக வேண்டும். அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை பற்றி சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தில் விசாரியுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலகரம்
தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்கிறார்களே, நிஜமா?

சொன்னவர் லேசுப்பட்ட ஆளில்லை ஐயா. சுசுமு ஓனோ, டோக்கியோ கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1974-இல் வந்த இவானாமி பழஞ்சொல் அகராதியைத் தொகுத்தவர்களில் ஒருவர். பழைய ஜப்பானிய மொழி படிப்பவர்கள் மேசையில் அது இன்றும் இருக்கும். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியும் நம் தமிழறிஞர் பொற்கோவும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஆனாலும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் விகுதிமேல் விகுதி ஒட்டுவதும் துருக்கிய மொழியிலும் கொரிய மொழியிலும்கூட உண்டே! ஆகவே சம்பந்தம் பேசலாம், ரேஷன் கார்டில் பேர் சேர்க்க முடியாது.

பெருமைப்பட வேறொன்று இருக்கிறது. ஜப்பானிய அகரவரிசையைச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப'. பௌத்தத் துறவிகள் கொண்டுபோன வடமொழி எழுத்துப் படிப்பிலிருந்து வந்த வரிசை இது. நம் பாலபாடமும் அதே வரிசைதான்.

கல்லூரி மாணவர், செங்கோட்டை
இலக்கணம் ரொம்பக் கஷ்டமோ?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. ருசியான இடம் ஒன்று சொல்கிறேன். இறந்தகாலத்துக்கு 'கி' என்றொரு விகுதி, 'கெரி' என்றொரு விகுதி. தானே கண்டு அனுபவித்தது 'கி'. பிறர் சொல்லிக் கேட்டது, அல்லது 'அட, இப்படியா!' என்று திடீரென உறைத்தது 'கெரி'. இந்த இரண்டு விகுதியும் தமிழில் இருந்திருந்தால் டீக்கடைகளில் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும்.

நிஜமான தலைவலி எழுவாய். கெஞ்சி கதையில் யார் பேசுகிறார், யார் போகிறார் என்று பெயர் சொல்லவே மாட்டார்கள். வினையின் மரியாதை விகுதியை வைத்து அரசரா, சேடியா என்று ஊகிக்க வேண்டும். டோக்கியோக்காரர் திணறும் இடம் இது. 'அவுக வந்துட்டாக' என்றதும் யார் வந்தது என்று தெரிந்துகொள்ளும் மதினிமார் இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு என்ன கஷ்டம்?

ரசிகர், குற்றாலம்
எங்கள் குறவஞ்சி மாதிரி மலைப்பாட்டு அங்கே உண்டா?

குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முன்பே உண்டு. எட்டாம் நூற்றாண்டுத் தொகுப்பான மன்யோஷுவில் 20 தொகுதி, 4,500-க்கு மேல் பாட்டு. அரசன் பாட்டும் உண்டு, எல்லைக்காவலுக்குப் போன சிப்பாய் வீட்டை நினைத்து ஏங்கும் பாட்டும் உண்டு. த்ஸுகுபா மலையில் ஆணும் பெண்ணும் கூடிப் பாடிக் களித்ததைப் பற்றியும் இருக்கிறது. தமக்கென்று எழுத்து இல்லாத காலத்தில் சீன எழுத்துகளை இரவல் வாங்கி எழுதியதால், சில பாட்டுகளை எப்படி வாசிப்பது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ரசிகமணி டி.கே.சி. இருந்திருந்தால் அவருடைய வட்டத்தொட்டி இலக்கியக் கூட்டத்தில் ஒரு மாலை இதற்கே போயிருக்கும்.

தகப்பனார், இலஞ்சி
என் மகள் இந்தப் பழைய மொழியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பழைய மொழிக்கு, ஆசிரியர் வேலையும் ஆராய்ச்சியும் தவிர வேறு கிடைக்காது. புதிய மொழிக்குக் கிடைக்கும். அதனால் மகளைத் தடுக்காதீர்கள், வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழித்திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையில் எழுதலாம். கடைசிப் படியான என்5-இல் தொடங்கி மேலே ஏறட்டும். கெஞ்சி ஆயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறான், இன்னும் மூன்று வருடம் காத்திருப்பான்.