புதுவரவு இயல்: வாட்ஸ்அப் குழுக்களின் அவையொழுக்கம் பற்றி விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் களமும்

பலர் ஓரிடத்தில் கூடிப் பேசும்போது பேச்சுக்கு முன்பே அதற்கான ஒழுங்கு பிறந்துவிடுகிறது என்பதும், புதிதாக ஒருவர் வந்து அதை மீறும் வரை அவ்வொழுங்கு எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதும் ஆய்வுலகம் போதிய கவனம் செலுத்தாத இரண்டு உண்மைகள். திருக்குறள் 72ஆம் அதிகாரத்தை அவையறிதலுக்கும் 73ஆம் அதிகாரத்தை அவையஞ்சாமைக்கும் ஒதுக்கி, இருபது குறள்களை இப்பொருளுக்கே செலவிட்டிருப்பினும், இரங்கற் செய்திக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாமா என்பது பற்றியோ, அண்ணாச்சி ஒருவரைப் 'ப்ரோ' என்று விளித்தவனுக்கு உய்வுண்டா என்பது பற்றியோ அந்நூலில் குறிப்பேதும் இல்லை. அவ்விடைவெளியை இயன்ற மட்டும் நிரப்ப முயல்கிறது இக்கட்டுரை.

இங்குக் 'குழு' என்பது வாட்ஸ்அப் செயலியில் தெரு, உறவு, தொழில், பள்ளித்தோழமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் பெயரால் சேர்க்கப்பட்டவர்களின் தொகுதி; 'சேர்க்கப்பட்டவர்' என்ற செயப்பாட்டு வினை வேண்டுமென்றே ஆளப்பட்டது, ஏனெனில் பெரும்பாலோர் தாமாகச் சேர்வதில்லை. 'அட்மின்' என்பவர் பிறரைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் உடையவர். 'புதுவரவு' என்பவர் தமக்கு முன் அக்குழுவில் என்னென்ன சண்டைகள் நடந்து முடிந்தன என்பதை அறியாதவர்.

ஆய்வுக் களமாக விருதுநகர் மாவட்டம் அமைந்ததற்குக் காரணங்கள் இரண்டு. உளுந்தும் வத்தலும் மல்லியும் கடலை எண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்ற பட்டியலை நாளிதழ்கள் விருதுநகர் மார்க்கெட் பெயரால் நெடுங்காலமாக வெளியிட்டு வருவதால், வேண்டியதை மட்டும் வேண்டிய அளவில் சொல்லும் பழக்கம் அவ்வூருக்குப் பரம்பரைச் சொத்து என்பது முதற்காரணம். பொறி எது, மருந்து எது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதைப் பிழைப்பாகவே கற்ற சிவகாசி அதே மாவட்டத்தில் இருப்பது இரண்டாவது காரணம். குழுவில் சண்டை மூளும் விதத்தை ஆராய இதனினும் தகுந்த நிலம் வேறில்லை.

2. முன்னோடி அவை: டீக்கடை பெஞ்சு

வாட்ஸ்அப் குழுவின் நேரடி முன்னோர் டீக்கடை பெஞ்சு என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கிய பின்னர், ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்யும் வழக்கம் தமிழகமெங்கும் வேரூன்றியது. எவர் எந்தத் தாளை எடுக்கலாம் என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எனினும் முதற்பக்கத் தாள் அன்றாடம் வருபவருக்கும், வரி விளம்பரத் தாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரருக்கும் சேர்வதில் பிழை நேர்ந்ததில்லை. புதியவர் மழையைப் பற்றிக் கேட்கலாம், பஸ் நேரத்தைக் கேட்கலாம். ஆட்சி மாறுமா என்பது பற்றி வாய்திறக்கச் சில பல கிளாஸ் டீ குடித்திருக்க வேண்டும்.

இவ்வவையில் ஓர் அசைவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. சூடான கிளாஸை விளிம்பில் பிடித்தபடி புதியவர் ஒருவர் நின்றால், பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலும் அவரை நிமிர்ந்து பாராமலும் ஆளுக்கு நான்கு விரற்கடை நகர்ந்துகொள்ள, கோடியில் ஓர் ஆள் உட்காரும் இடம் பிறந்துவிடும். வரவேற்புரையோ அறிமுகமோ இதற்குத் தேவைப்படுவதில்லை. இவ்வசைவு இனி 'தள்ளியமர்வு' என்று குறிக்கப்படும்.

3. செப்டம்பர் கோட்பாடு

புதுவரவுச் சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1980இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே தொடங்கிய யூஸ்நெட் என்னும் கணினி வழி உரையாடல் அமைப்பில், கல்லூரி திறக்கும் ஒவ்வொரு செப்டம்பரிலும் முதலாண்டு மாணவர்கள் நுழைந்து கேட்டதையே கேட்டு மூத்தோரை வாட்டுவதும், ஓரிரு மாதங்களில் ஒழுங்கு பழகி அடங்குவதும் ஆண்டு வழக்கமாக இருந்தன. 1990களின் முற்பகுதியில் ஏ.ஓ.எல். முதலிய வணிக நிறுவனங்கள் தம் சந்தாதாரர் அனைவருக்கும் வாயிலைத் திறந்துவிட, புதியோர் வெள்ளம் வடியவே இல்லை. 1993 செப்டம்பர் 'முடியாத செப்டம்பர்' என்று பெயர்பெற்றது. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய ஒழுக்க விதிகள், புதிதாகச் சேர்பவர் ஒன்றிரண்டு மாதம் படித்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும், அதன் பின்னரே எழுத வேண்டும் என்று அறிவுறுத்தின. அமெரிக்கர் இவ்வளவு விரைவில் மௌன விரதத்தைக் கண்டடைந்தது வியப்பிற்குரியது.

இக்கோட்பாடு சிவகாசி வட்டாரத்தாருக்கு விளக்கமின்றியே புரியும். ஆண்டு முழுதும் பிறருடைய ஒருநாள் பண்டிகைக்காக உழைக்கும் அவ்வூரார், சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஏதேனும் ஒரு குழுவில் காலடி வைத்த மறுநிமிடமே, "நீங்க சிவகாசிப் பக்கமா? கிஃப்ட் பாக்ஸ் என்ன ரேட்டுக்கு வாங்கித் தர முடியும்?" என்ற கேள்வியைச் சந்திக்கிறார்கள். கேட்கப்படுபவர் வங்கி ஊழியராகவோ பள்ளி ஆசிரியையாகவோ இருப்பது கேட்பவரைத் தடுப்பதில்லை. இங்கு மூத்தோர் ஓயாது வினவ, புதுவரவு மறுமொழி கூறிக் களைத்துப்போவதால், செப்டம்பர் கோட்பாடு தலைகீழாகவும் இயங்கும் என்பது நிறுவப்படுகிறது.

4. உறுப்பினர் வகைப்பாடு

உறுப்பினரை வகுக்கப் புதிய முறை தேட வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பிரித்து எட்டு உவமைகளால் விளக்கியிருக்கிறார். அவ்வெட்டும் திருத்தமின்றியே குழுக்களுக்குப் பொருந்துகின்றன.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், வந்த செய்தி உண்மையா என்று பார்த்த பிறகே பகிர்பவர், இவ்வினம் அருகிவருகிறது. பகலில் மேய்ந்ததை இரவில் அசைபோடும் பசு, எல்லாவற்றையும் படித்தும் ஓர் எழுத்தும் எழுதாதவர். இவர் இருப்பது இவருடைய பிறந்தநாளன்றுதான் தெரியவரும். உழைப்புக்கேற்ற பலன் தரும் மண், கேட்டால் மட்டும் விடை சொல்பவர். சொன்னதைச் சொல்லும் கிளி, வந்ததை வந்தபடியே அனுப்புபவர். ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு 2018இல் இந்தியாவில் வாட்ஸ்அப் விதித்த வரம்பு இவரை முன்னிட்டதே ஆயினும், ஐந்து ஐந்தாக அனுப்பும் பொறுமை கிளிக்கு உண்டு என்பது அப்போது உணரப்படவில்லை. ஓட்டைக்குடம், நேற்றுச் சொன்ன முகவரியை இன்று மீண்டும் கேட்பவர். ஓரிடத்தில் நின்று மேயாத ஆடு, நாற்பது குழுக்களில் இருந்துகொண்டு எதையும் முழுதாகப் படிக்காதவர். குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, கோயில் கொடைக் கணக்கு பேசும் இடத்தில் கட்சி அரசியலை இறக்குபவர். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரிக்கு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு, பல குழுக்களில் அவரே அட்மின்.

5. வரைந்த விதியும் வரையா விதியும்

குழுவின் முகப்பில் எழுதப்பட்டிருக்கும் விதிகளைப் படிப்பவர் புதுவரவு ஒருவரே. மூத்தோர்க்கு அவை இருப்பதே நினைவில்லை. எழுதப்படாத விதிகளோ மூத்தோர் அனைவரும் அறிந்து, புதுவரவு மட்டும் அறியாதவை. விலையைப் பொதுவில் கேட்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. கேட்டால் "தனியாக வாங்க" என்ற விடை வரும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் மரபின் நேரடி வாரிசு தனிச்செய்தி என்பதை இதனால் உய்த்துணரலாம்.

இவ்விரு வகை விதிகளும் மோதும் இடத்தை விளக்க, கற்பனையாக ஒரு தெருக் குழுவைக் கொள்ளலாம். கோவையிலிருந்து வந்த மருமகன் ஒருவர் மாமனாரால் அதில் சேர்க்கப்படுகிறார். "ஹாய் ப்ரோ, குரூப் ரூல்ஸ் என்ன?" என்று அவர் எழுதுகிறார். இரண்டு மணி நேரம் விடையில்லை. அதற்குள் ரோஜாப்பூவுடன் கூடிய காலை வணக்கங்களும், தண்ணீர் இன்று வருமா என்ற வினாவும், வெந்தயத்தின் அருங்குணங்களும் அவருடைய செய்தியை மேலே தள்ளிவிடுகின்றன. பின்னர் அட்மினாகிய அண்ணாச்சி, எவர் பெயரையும் சுட்டாமல், "தேவையில்லாத பதிவு போட வேண்டாம்" என்று எழுதுகிறார். வெந்தயம் அனுப்பியவர் உடனே கைதட்டும் படத்தைப் போட்டு அதை வழிமொழிகிறார். மருமகனோ குற்றவாளி தாமே என்று தெளிந்து, தம் செய்தியை அனைவரிடமிருந்தும் அழித்துவிடுகிறார்.

அழித்த இடத்தில் 'இச்செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் எஞ்சுகிறது. அன்று காலை வந்தவற்றுள் அனைவரும் ஊன்றிப் படித்தது அவ்வரியையே. "என்ன தம்பி போட்டீங்க?" என்று ஒருவரும், "ஏன் அழிச்சீங்க?" என்று மற்றொருவரும், "யாருப்பா இது?" என்று மூன்றாமவரும் கேட்கின்றனர். "நம்ம வீட்டு மாப்பிள்ளை" என்று மாமனார் எழுத, வணக்கங்கள் குவிகின்றன. எழுதியபோது கிட்டாத வரவேற்பு அழித்தபோது கிட்டியது என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

6. மருந்தறை ஒப்பீடு

பட்டாசு ஆலையில் ஓர் உற்பத்தி அறைக்குள் 4 பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 256 ஆக இருந்து, 2022இல் 512 ஆகி, அதே ஆண்டிலேயே 1,024 ஆகவும் உயர்ந்தது. உராய்வின் தன்மை பற்றிய அறிவு இருவருள் எவருக்கு மிகுதி என்பது வெளிப்படை.

ஆயினும் ஒப்பீடு ஓரளவுக்குமேல் செல்லாது. மருந்தறையின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னே உயிரிழப்புகள் உள்ளன. குழு விதிகளுக்குப் பின்னே இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மனத்தாங்கல். மருந்தறையில் புதியவரிடம், கைபேசியை வெளியே வைக்கச் சொல்வது முதல் கலவையை எப்படித் தொட வேண்டும் என்பது வரை, அருகில் இருப்பவரே சொல்லிக்கொடுத்தாக வேண்டும்; அவர் பிழைசெய்தால் எரிவது தாமும்தான் என்பதை அருகிலிருப்பவர் அறிவார். குழுவில் புதியவரின் பிழை பிறரைச் சுடுவதில்லை. ஆகவே சொல்லிக்கொடுப்பாரும் இல்லை, வேடிக்கை பார்ப்பாரே உண்டு. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றபோது, அங்கே அவர்கள் இருவரும் மொழியறியாத புதுவரவுகளே. அன்று அவர்களுக்கு வேலையைக் காட்டிக்கொடுத்தவர்கள் 'தேவையில்லாத பதிவு' என்று ஒதுங்கியிருப்பின், சிவகாசியின் வரலாறு வேறாகியிருக்கும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: புதுவரவு சற்றே கேட்டுப் பேசுதல் நலம், ஒன்றிரண்டு மாதம் அதற்கு மிகை, ஒரு கிளாஸ் டீ ஆறும் நேரம் குறைவு. மூத்தோர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதைப் பெஞ்சு அறிந்திருந்தது. வாட்ஸ்அப் நீல நிறக் குறியைத் தந்தது, செய்தியை அழிக்கும் வழியைத் தந்தது, 2022 முதல் அட்மின்களைத் தவிரப் பிறருக்கு அறிவிப்பின்றிக் குழுவிலிருந்து நழுவும் வசதியையும் தந்து, வெளிநடப்பு என்னும் தொன்மையான எதிர்ப்பு முறையின் வலுவைக் குறைத்தது. இவற்றுள் எதுவும் தள்ளியமர்வுக்கு ஈடாகவில்லை. இடம் முடிவற்றதாக இருக்கும் அவையில் எவரும் நகர வேண்டியதில்லை. எவரும் நகராத அவையில் வந்தவருக்கு, உள்ளே வந்துவிட்டோமா என்பது தெரிவதில்லை. பெஞ்சின் நீளம் ஆறடியாக இருந்ததன் பயன் அதுவே போலும் என்பது மேலாய்வுக்கு உரியது; அதுகாறும் அட்மின்கள், விதிகளை அனுப்புவதற்கு முன் "வாங்க தம்பி" என்று எழுதிப் பார்க்கலாம்.