முன்சீட்டு மாமா

கதிர்காமத்துக்கு வேன் பேசியாயிற்று. ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்தாயிற்று. ஒரு வாரமாக வீட்டில் கவுச்சி நிறுத்தியாயிற்று. புறப்படும் நாளன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு, அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தால், வேனின் முன்சீட்டில் இடப்பக்கம் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். அந்தச் சீட்டுக்கு அவரை யாரும் தெரிவு செய்யவில்லை. வேன் பேசியது வேறொருவர். கூடக் காசு போட்டது கொழும்பில் கடையில் நிற்கும் பையன். ஆனால் மடியில் மஞ்சள் பை, பைக்குள் சீ.ஆர். கொப்பி, கொப்பிக்குள் சிவப்புப் பேனை என்று உட்கார்ந்திருக்கும் இவர்தான் இன்றைக்கு எவ்வளவு தூரம் போவது, எங்கே சோறு, எங்கே படுக்கை என்பதையெல்லாம் சொல்லப்போகிறவர். பசறை, லுணுகலை, மடுல்சீமை, மொனராகலை என்று எந்தத் தோட்டத்து லயத்தில் விசாரித்தாலும் இப்படி ஒருவரைக் காட்டுவார்கள். உறவுமுறை எதுவானாலும் ட்ரிப் முடியும்வரை எல்லோருக்கும் அவர் மாமா.

மாமா பெரும்பாலும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. இல்லையென்றால் கங்காணியாக இருந்தவர், தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர், சங்கத்தில் தலைவராக இருந்தவர். மொத்தத்தில், அடுத்தவர் ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் பழகிய குரல் எங்கே போகும்? கீழே இறங்கி, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுவார்.

"கீழ் லயம், மூணாம் காம்பரா, நாலு பேரு!"

"மூணு பேருதான் மாமா ஏறியிருக்கோம். பெரியவன் பல்லு வெளக்கிட்டு வாறான்."

"அவனுக்கு அரைப்பேரு."

பல தோட்டங்களில் கொழுந்துக்கு நாளொன்றுக்கு 18 கிலோ நோர்ம். அதற்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம். மாமாவுக்குக் கிலோவுக்கும் கிலோமீற்றருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டுமே மற்றவர்கள் எடுக்க வேண்டியவை, அவர் எழுத வேண்டியவை.

கொப்பியின் முதல் பக்கத்தில் முதல் நாள் நோர்ம் இருக்கும். விடியப் புறப்பட்டு, பத்து மணிக்குக் கதிர்காமம், மாணிக்க கங்கையில் குளிப்பு, பகல் பூசை, பிறகு செல்லக்கதிர்காமம், திஸ்ஸ, அம்பாந்தோட்டை, இரவு மாத்தறை. கடதாசியில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலை சுமார் 60 கிலோமீற்றர். அங்கிருந்து புத்தல வழியாகக் கதிர்காமம் கிட்டத்தட்ட இன்னொரு 60. அதிவேகப் பாதையை 2020இல் மத்தளை வரை நீட்டிய பிறகு, கொழும்புச் சொந்தக்காரர்களுக்கு இந்தத் தூரம் ஒன்றேகால் மணி நேர வேலை. "நாங்க மத்தளையில எறங்கிட்டோம், நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று போனில் கேட்பார்கள். நாங்கள் பசறையில் நிற்போம். பிளேன்டீ குடித்துக்கொண்டு.

மாமா தூரத்தைக் கட்டையில், அதாவது மைலில், நினைக்கிறவர் என்பது இன்னொரு சங்கடம். மைல் போய்க் கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் ஊவாவின் பாதிச் சந்திகளுக்குப் பெயர் இன்னும் ஏதோ ஒரு 'ஆம் கட்டை'தான். "இன்னும் பத்தே கட்டை" என்று மாமா சொன்னால், பின்னால் இருக்கிற பையன் டிரைவரின் மீற்றரை எட்டிப் பார்த்துப் பத்துக் கிலோமீற்றர் எண்ணுவான். பத்து முடிந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று அழத் தொடங்குவான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. அவர்களில் அனுபவசாலிகள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு விதி சொல்வதுண்டு. நாளொன்றுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்கு முன் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் மூன்று நாள் தங்கு. 300 மைல் என்றால் 480 கிலோமீற்றர். பருத்தித்துறையில் புறப்பட்டு நேர்கோட்டில் ஓட்டினால், தெய்வேந்திரமுனையைத் தாண்டி இன்னும் 50 கிலோமீற்றர் கடலுக்குள் போக வேண்டியிருக்கும். அதிலே அவர்கள் 'மேல் ஓட்டாதே' என்கிறார்கள்!

எங்கள் வேனும் ஒரு வகையில் ஓடும் வீடுதான். கூரை மேல் சோற்றுப் பானை, கேஸ் அடுப்பு, பாய்ச் சுருள், அரிசி, பரங்கிக்காய், தேங்காய். உள்ளே மூன்று தலைமுறை. வித்தியாசம் என்னவென்றால் கழிவறை இல்லை. மாமாவின் கொப்பியில் இல்லாத ஒரே விஷயமும் அதுதான். உண்மையில் ஒரு நாள் ஓட்டத்தைத் தீர்மானிப்பதும் அதுதான்.

பசறை தாண்டிக் கீழ்நோக்கி வளைவுகள் தொடங்கியதும் மாமாவின் நோர்மும் சேர்ந்து இறங்கத் தொடங்கும். முதல் நிறுத்தம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வாந்தி எடுத்த பிள்ளைக்காக. அடுத்தது அதைப் பார்த்து வாந்தி எடுத்த பிள்ளைக்காக. பிறகு ரோட்டோரப் பிள்ளையாருக்குத் தேங்காய். பிறகு, தேங்காய் உடைக்க இறங்கியவர்களில் ஒருவர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்ததற்காக. ஒவ்வொரு தடவையும் மாமா கொப்பியைத் திறந்து, நேரம் எழுதி, "இருவத்தியிரண்டு நிமிசம்" என்று காற்றில் அறிவிப்பார். யாரும் பதில் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் பழகியவர்கள்.

அவர் மிரட்டாமலே எல்லோரும் கேட்கிற ஒரு கட்டளை உண்டு. பொழுது சாய்ந்த பிறகு மலை ரோட்டில் வேன் ஓடக் கூடாது. விடியற்காலை இருட்டு வேறு, அந்தி இருட்டு வேறு என்பார். விடியற்காலையில் டிரைவர் தூங்கி எழுந்தவர், அந்தியில் தூங்க வேண்டியவர். பசறை–லுணுகலை வீதியில் 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்து அத்தனை பேர் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போது வேனில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். விழுந்தது காலை நேரத்து பஸ்தானே என்று மாமாவுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டிரைவருக்குத் தூக்கம் வேண்டும் என்கிற மனிதரோடு எதற்கு வழக்கு?

மொனராகலை டவுனுக்குள் வேன் நுழையும்போது பதினொன்றரை ஆகியிருக்கும். கொப்பியின்படி நாங்கள் அந்நேரம் கதிர்காமத்தில் ஈர வேட்டியோடு நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் மாமாவின் உண்மையான திறமை வெளிப்படும். மணிக்கூட்டைப் பார்ப்பார், கொப்பியைப் பார்ப்பார், மெதுவாகப் பின்பக்கம் திரும்புவார்.

"மொனராகலைக்கு மத்தியானந்தான் வந்து சேருவோம்னு நேத்தே சொன்னேனா இல்லையா?"

சொல்லவில்லை. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் நாலு பேர் தலையாட்டிவிடுவார்கள். வேன் எங்கே நிற்கிறதோ அதுதான் அவர் நினைத்த இடம். டயர் பஞ்சரானால் அந்த மரத்தடியில் சமைப்பதாகத்தான் திட்டம். மழை பிடித்தால் மழைக்கு ஒதுங்குவதற்காகவே அரை மணி நேரம் கூட்டிப் போட்டிருந்தார். இந்தக் கலை எளிதில் வருவதில்லை. வைத்த கணக்கும் வந்த கணக்கும் சரியாக இருக்கின்றன என்று மாதக் கடைசியில் துரையிடம் சொல்லிச் சொல்லி வந்தது.

மாமாவின் வாழ்க்கையில் ஒரேயொரு முறை அவருடைய அதிகாரத்தை வேறொருவர் பறித்தார். 2022இல் எரிபொருள் இல்லாமற்போய், ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றார்கள். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று தாராளமாகப் போட்டாலும் 200. கதிர்காமம் போகலாம், சாமியைக் கும்பிடலாம், திரும்பி வரும்போது எல்ல ஏற்றத்தில் வேன் நின்றுவிடும். கருப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னச் சதுரம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொன்னதும், எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் மாமா அந்த வருடம் ட்ரிப்பையே தள்ளிவைத்தார். "நம்ம நோர்ம நம்மதான் வைக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். சங்கத்தில் இருந்த காலத்தில்கூட அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை என்கிறார்கள்.

மொனராகலை தாண்டிக் கும்புக்கனையில் ஆற்றைக் கண்டதும் வேன் தானாகவே ஓரம் கட்டும். அடுப்பு இறங்கும், பானை இறங்கும், பெண்கள் மாற்றுத் துணியோடு தண்ணீருக்குள் இறங்குவார்கள். இதே கும்புக்கன் ஓயாதான் காட்டுக்குள் ஓடிக் குமணைப் பக்கம் கடலில் விழுகிறது. பருத்தித்துறைப் பக்கத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாக நடந்து கதிர்காமம் போகிற அடியார்கள், உகந்தமலையில் காட்டுப் பாதை திறக்கும்வரை காத்திருந்து, கீழே இந்த ஆற்றைக் கடந்துதான் யால காட்டுக்குள் போகிறார்கள். அவர்களிலும் ஒரு பெரியவர் வேலோடு முன்னால் நடப்பார். இன்றைக்கு எவ்வளவு தூரம் என்று அவரைக் கேட்டால் அடுத்த தண்ணீர் எங்கேயோ அதுவரைக்கும் என்பார். கொப்பி இல்லை, மணிக்கூடு இல்லை. கிழவி நடக்க மாட்டாதபோது கூட்டம் நிற்கும்.

இதை நான் மாமாவிடம் ஒரு தடவை மெதுவாக எடுத்துச் சொன்னேன். பரங்கிக்காய் வெட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவங்களுக்கு என்னாங்க, ரெண்டு மாசம் லீவு. நமக்குத் திங்கக்கெழம பிரட்டு."

ஓய்வுபெற்றுப் பல வருடமான மனிதர்.

அந்தத் தடவை சாப்பிட்டு, பானை கழுவி, காணாமற்போன கரண்டியைத் தேடி, புத்தலவுக்கு வந்து சேரும்போது நாலரை. இங்கேதான் அன்றைய பெரிய முடிவு. புத்தல–கதிர்காமம் பாதை காட்டு ஓரமாகப் போகிறது. யானைகள் ரோட்டில் வந்து நின்று வாகனத்தை மறித்துத் தின்ன ஏதாவது கேட்கும். கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஜன்னலுக்குள் தும்பிக்கை வந்த பிறகு சட்டம் பேசுகிறவர்களை நான் பார்த்ததில்லை. கூரையில் பரங்கிக்காயோடு அந்தப் பாதையில் அந்தி நேரம் போவதா, புத்தலயில் தங்குவதா?

மாமா கொப்பியைத் திறந்தார். மாத்தறை என்பதை அடித்துத் திஸ்ஸ என்று எழுதியிருந்தார். இப்போது திஸ்ஸவையும் அடித்தார். "போயிறலாம்" என்றார். "நாப்பது கிலோமீற்றருக்கு உள்ளதான். ஒரு மணித்தியாலம்."

கடைசிச் சீட்டிலிருந்து, காலை முதல் ஒரு வார்த்தை பேசாத எழுபத்தெட்டு வயது அம்மாயியின் குரல் வந்தது.

"கணக்கப்புள்ள, எனக்கு காலு வீங்கிப்போச்சு. படுக்கணும்."

வேனுக்குள் சத்தமே இல்லை. மாமா சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"பெரியம்மா சொல்றதுதான் சரி. புத்தலயில தங்குறதுன்னுதான் நானும் நெனச்சேன். அதுக்குத்தான் கும்புக்கனையில அவசரப்படுத்தல."

தெரிந்தவர் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் பாய் விரித்தோம். நூறு கிலோமீற்றர்கூட ஓடாத நாள். மறுநாள் விடியற்காலை யானை இல்லாத பாதையில் போய், அவர் சொன்னபடியே பத்து மணிக்கு மாணிக்க கங்கையில் முழுகினோம். ஒரு நாள் தள்ளி என்பதை விட்டால் கொப்பியில் எழுதியது அப்படியே நடந்தது. மாமா இதை எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

திரும்பும் வழி கீழ்ப்பக்கத்தால்: திஸ்ஸ, தணமல்வில, வெல்லவாய, எல்ல. தயிர்ச்சட்டி வாங்குவதற்கு மட்டும் மூன்று இடத்தில் நின்றோம். முதல் கடையில் விலை கேட்க, இரண்டாவது கடையில் முதல் கடையே பரவாயில்லை என்று தெரிந்துகொள்ள, மூன்றாவதில் வேறு வழியில்லாமல் வாங்க. இராவணன் அருவியில் பிள்ளைகள் இறங்காமல் விடமாட்டார்கள். ஏற்றத்தில் தயிர்ச்சட்டி ஒன்று உருண்டு இரண்டு பேருடைய சேலைக்கு வேலை வைத்தது. டிரைவர் எதற்கும் வாய் திறக்காதவர். எங்கே நிறுத்தச் சொன்னாலும் "சரிங்க ஐயா", சுற்றுப் பாதை என்றாலும் "சரிங்க ஐயா".

லயத்துக்கு வந்து பாய், பானை எல்லாம் இறக்கிய பிறகு, மாமா தெரு விளக்கின் கீழே கொப்பியைத் திறந்து கணக்கு முடித்தார். நாளுக்கு நாள் வைத்த நோர்ம் ஒரு பக்கம், ஓடியது ஒரு பக்கம்.

"தம்பி, ஒரு நாளாவது நோர்ம் எடுக்கல நீங்க. எல்லா நாளும் அரைப்பேருதான் போட்டிருக்கு."

டிரைவர் மீற்றரை எட்டிப் பார்த்து, போனில் ஒரு கணக்குப் போட்டு, திரையை மாமாவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பேரு அரையாவே இருக்கட்டுங்க ஐயா. கிலோமீற்றருக்குப் பேசுன காச மட்டும் முழுசா குடுத்துருங்க."