சிறியதைப் போற்றும் பெரியோருக்கு

பழைய குட்டிக் கார்களைச் சேகரிக்கும் பெருமக்களே, சிறியதன் அருமையை உங்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. உங்களைப் புகழத்தான் வேண்டும்.

பீல் பி50 காரே இதற்குச் சாட்சி. மேன் தீவில் 1962 முதல் 1965 வரை ஏறக்குறைய ஐம்பது வண்டிகள்தான் செய்தார்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு, எடை அறுபது கிலோவுக்கும் குறைவு. மூன்று சக்கரம், ஒரு கதவு, ஒரு முன்விளக்கு, 49 சிசி எஞ்சின். ஒருவரும் அவருடைய கடைப் பையும் போகலாம். ரிவர்ஸ் கியர் கிடையாது. இறங்கி, பின்னாலுள்ள கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். அன்று 199 பவுணுக்கு விற்ற அந்த வண்டிகளில் ஒன்றுக்கு 2016இல் அமெரிக்க ஏலத்தில் 176,000 டொலர் கொடுத்தீர்கள். முழங்காலை மடக்கி முடங்கி உட்காரும் இடத்துக்கு இவ்வளவு மதிப்புத் தந்த உங்கள் மனம் பெரியது.

அந்த மனத்தை நம்பித்தான் பட்டிப்பொலப் பக்கம் உங்களை அழைக்கிறேன். 1,891 மீட்டர் உயரத்தில், இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையம் எங்களுடையது. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் சுற்றி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்கிற ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. அதற்குள் பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள். ஓராளுக்கென்று செய்த வண்டியையே அதிசயம் என்கிற நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்களோ!

அசல் கெடக்கூடாது என்பது உங்கள் விரதம். பழைய பெயின்டைச் சுரண்டினால் மனம் நோகும்; ஆணி மாறினால் விலை இறங்கும். உங்கள் விரதத்தைத் தோட்ட நிர்வாகங்களும் தவறாமல் காத்து வருகின்றன. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டிய, நூறு வருசம் தாண்டிய லயங்கள் இன்னும் நிற்கின்றன. அதே சுவர், அதே அளவு. துருப்பிடித்த தகரத்தில் ஓட்டை விழுந்தால் அதன்மேல் கல்லை வைத்துக் காப்பாற்றுவது குடியிருப்பவர்களின் பொறுப்பு. தையில் புல் உறைந்து வெளுக்கும் குளிரிலும் அந்தக் கூரையை அவர்கள் கைவிடவில்லை. உங்கள் கார்களோ ஈரப்பதம் அளந்து பார்த்த கொட்டகையில், போர்வைக்குள் உறங்குகின்றன. அவற்றுக்கு இருமல் வராமல் நீங்கள் காட்டும் கவனம் தாய்க்கும் வராது. எங்கள் தாய்மார் விடியமுன் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போகவேண்டும்; அன்றைய கூலிக்குப் பேர் விழவேண்டும்; பறித்த கொழுந்து நிறை காட்டவேண்டும்.

புதிய வீடு கிடைத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஏழு பேர்ச் காணி தரும் அரசாங்கத் திட்டமும் இந்திய உதவி வீட்டுத்திட்டமும் சிலரைக் கரையேற்றின. மற்றவர்களை அரிய பொருளாகப் பாதுகாப்பதில் எந்த அரசாங்கமும் குறைவைக்கவில்லை.

உங்களிடம் நான் அதிகம் வியப்பது பத்திரங்களை. அறுபது வருசத்துக் குட்டிக் காருக்கு சேசிஸ் நம்பர் உண்டு, முதலில் வாங்கியவர் பெயர் உண்டு, கைமாறிய வரலாறு உண்டு. ஒரு தாள் தொலைந்தால் கடல் தாண்டித் தேடுகிறீர்கள். லயத்தில் நான்கு தலைமுறை பிறந்து செத்த குடும்பத்துக்குக் காணி உறுதி கிடையாது. பலருக்குச் சொந்த முகவரிகூட இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது வந்து சேரும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமைத் தாளைத் திரும்பப் பெறவே பல பத்தாண்டுகள் போயின.

1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டைக் கார் பந்தயத்துக்காக சித்திரையில் நுவரெலியா வருவீர்கள் அல்லவா? அப்படியே லயத்துக்கும் வாருங்கள். இஸ்தோப்பில் தேத்தண்ணி தருவோம். அசலா என்று தட்டிப் பாருங்கள், டேப் பிடித்து அளந்து பாருங்கள். பிறகு வழக்கம்போல, பத்திரம் எங்கே என்று கேளுங்கள். எங்களிடம் கேட்க வேண்டாம்; தோட்டத்து ஆபீசில், உரத்த குரலில் கேளுங்கள்.